செவ்வாய்க்கிழமை வரைபடம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன் என்று சின்னவள் அடம்பிடிக்கிறாள். புது வேலையில் உங்களுக்குத் தனி ஆய்வுக் குழுவே கொடுத்திருக்கிறார்கள் என்றதும், அத்தை நாலு வீடு ஏறிச் சொல்லிவிட்டு வந்தார்.

தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டால் தைரியம் போய்விடும். அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நம் கட்டுரையில் உள்ள சோதனையை வேறொரு குழு செய்து பார்த்திருக்கிறது. நம் எண் வரவில்லையாம். முடுக்கியிலிருந்து பாயும் எலெக்ட்ரான் துடிப்பு தண்ணீரில் பிய்த்தெடுக்கும் எலெக்ட்ரானை அமிலம் எவ்வளவு வேகத்தில் பிடிக்கிறது என்று அளந்தோமே, அதேதான். துடிப்பு நீண்டுபோயிருந்தால் அந்த அளவே செல்லாது. முடுக்கியை ஓட்டியவர்தான் பொறுப்பு என்கிறார் இயக்குநர். ஓட்டியவர், தனக்குள் பேசிக்கொண்டே வேலை செய்வதால் நாம் பட்டப்பெயர் வைத்த நம் முணுமுணுப்பார். வியாழக்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்கிறார்கள்.

அவர்மேல்தான் தப்பு என்று இயக்குநர் காதில் போட்டவள் நான்தான். முடுக்கிப் பதிவேட்டில், நாம் கடைசியாக அளந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும், ‘துடிப்பு சுருங்கவில்லை’ என்று பச்சை மையில் இருந்தது. வம்பு வந்தபிறகு தப்பிக்க எழுதிச் செருகியிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. துப்பறியும் புலி என்று பட்டம் கொடுத்ததே நீங்கள்தானே?

அவரிடமே கேட்டேன். “அன்னிக்கே எழுதினது மேடம். என் பேனா தீர்ந்துபோச்சு, சார் பேனாவை வாங்கித்தான் எழுதினேன். சாரும் பாத்தாரே” என்று உங்களைச் சொன்னார். நான் நம்பவில்லை. அவர் புளுகுகிறார் என்று காட்டத்தான் துடிப்பின் நீளத்தைக் காட்டும் அன்றைய டெராஹெர்ட்ஸ் அலைக் கோப்பைத் திறந்தேன். துடிப்பு குட்டையாக இருந்தால் உலோகத் தகட்டைக் கடக்கும்போது அந்த அலை பலமாக வரும், நீண்டால் சோர்ந்துவிடும். நம் கட்டுரையில் போட்ட அதே வரைபடம். பலமாக, அழகாக இருந்தது. அப்படியென்றால் பச்சை மைக் குறிப்பு பொய், வசமாக மாட்டினார் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த அழகுதான் பிறகு உறுத்தியது. காற்றில் ஈரம் இருந்தால் டெராஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும், வரைபடத்தில் வரிசையாகப் பள்ளம் விழும். அதற்குத்தானே அலையை அளக்கும் பெட்டிக்குள் உலர்காற்று விடுகிறோம்? அந்த வாரம் திங்களிலிருந்து வியாழன்வரை உலர்காற்று இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. அனுப்பிவைத்துக் கையெழுத்துப் போட்டவள் நான். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஈரக்காற்றில் எடுத்த வரைபடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை! முந்தைய வாரத்து வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இரைச்சலின் சின்னச் சின்ன நடுக்கம்கூட அச்சு அசலாகப் பொருந்தியது, அதன் நகல்தான் இது.

கோப்பு சேமிக்கப்பட்டது மாலை நான்கே காலுக்கு. முணுமுணுப்பார் அன்று மூன்று மணிக்கே மகளின் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார், வாசல் காவலர் பதிவேட்டில் இருக்கிறது. நான் கீழே வேதியியல் அறையில் இருந்தேன். முடுக்கியில் நமக்குக் கிடைத்த கடைசி நாள் அது. மேலே முடுக்கி அறையில் இருந்தது யார் என்று நான் எழுத வேண்டுமா?

இரண்டு நாளாக வேறு யாரையாவது சந்தேகப்பட முடியுமா என்று பார்த்தேன். தரை துடைக்க வரும் அம்மாவைக்கூட விடவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு என்னிடம்கூடச் சொல்லவில்லையே நீங்கள்!

இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வியாழனன்று என்னைக் கூப்பிடுவார்கள். கேட்டால் பார்த்ததைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் நீங்களே இயக்குநருக்கு எழுதிவிடுங்கள். அந்த வேலை போனால் போகட்டும், இங்கே வந்துவிடுங்கள். நான் பார்த்தது தப்பு என்றால் எங்கே தப்பு என்று காட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை முணுமுணுப்பார் என்னை நடைவழியில் நிறுத்தினார். தன் விஷயம் எதையும் பேசவில்லை. “சார் அங்க நல்லா இருக்காரா மேடம்? எனக்காக நாலு வார்த்தை எழுதச் சொல்லுங்க, சார் சொன்னா கேப்பாங்க” என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேன். எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் மனைவி