ஆபீசரம்மா ஓட்டிய வேன்

மார்ச் 2

அடியே கொக்கு,

பிளேன் டிக்கெட் போட்டாயிற்று! ஏப்ரல் ஏழு முதல் ஒரு வாரம். நான், இவர், நாத்தனார், அவள் வீட்டுக்காரர். ஓட்டல் எடுக்கலாம் என்றார் இவர். "என் சிநேகிதி வீடு இருக்கும்போது ஓட்டலா?" என்று சண்டை பிடித்தேன். ஹாஸ்டலில் ஒரே பக்கெட்டுக்கு நாம் அடித்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஆகிறதுடி. அருவி, கோட்டை, ஏரி, பனிமலை என்று நாத்தனார் ஒரு நோட்டே எழுதி வைத்திருக்கிறாள். லீவு போட்டுவிடு. போனை எடுத்தால் வீடே சுற்றி உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் கடிதம்.

உன் குண்டூசி

மார்ச் 15

அன்புள்ள குண்டூசி,

வாருங்கள். இந்த வருஷம் மீதியிருந்த விடுப்பு ஏழு நாள். ஏழையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஊருக்கு வரலாம் என்று வைத்திருந்தது. தங்கை பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள்.

வீடு சின்னது. அறை உங்கள் இருவருக்கு. கூடத்து சோபாவை விரித்தால் நாத்தனாருக்கும் அவருக்கும் ஆகும். நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். வாடகை வேன் பேசியிருக்கிறேன். தினம் எட்டு மணி நேரம் நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு லீவிலும் ஸ்டியரிங்தானா என்று டிப்போவில் சிரிக்கிறார்கள். நடக்கத் தோதான செருப்பு கொண்டு வா.

கொக்கு

ஏப்ரல் 22

என் தங்கமே,

சுகமாக வந்து சேர்ந்தோம். நாத்தனார் தெருவில் யாரைப் பார்த்தாலும் பனிமலைக் கதையைத்தான் அவிழ்த்துவிடுகிறாள். உன் உபசாரத்துக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

ஒரு சங்கடம். கோட்டை வாசலில் நடந்ததை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லைதானே? கல்யாணமான புதிதில், என் சிநேகிதி வெளிநாட்டில் போக்குவரத்துத் துறை ஆபீசர் என்று இங்கே சொல்லித் தொலைத்தேன். இப்போது நாத்தனார் மகள் படிப்பை முடித்திருக்கிறாள். "ஆபீசரம்மா ஒரு வார்த்தை சொன்னா அங்க வேலை கெடைக்காதா?" என்று தினம் நச்சரிப்பு. "மேலிடத்தில் கேட்டேன், இப்போது ஆள் எடுக்கவில்லை" என்று ஆபீசர் மாதிரி நாலு வரி எழுதி அனுப்பேன். காட்டிவிடுகிறேன். எனக்காக.

குண்டூசி

மே 6

குண்டூசிக்கு,

மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். அந்த நாலு வரி வரவில்லை.

ஐந்தாம் நாள், கோட்டை வாசல். நான் வழக்கமாக ஓட்டும் பஸ் வந்து நின்றது. அன்று அதை ஓட்டி வந்தவர் சீருடையோடு இறங்கி வந்து என் தோளில் தட்டி, "பிரேக் இழுக்குது, இத எப்படித்தான் தினம் ஓட்டுறியோ?" என்றார். அவர் பேசிய இங்கிலீஷ் நாத்தனாருக்கும் புரிந்துவிட்டது. "என்னது, இவங்க பஸ் ஓட்டுறாங்களா?"

நீ சிரித்தாய். "ஐயோ, அவங்க ஆபீஸ்ல இப்படித்தான் கிண்டல் பண்ணிக்குவாங்க." பிறகு என்னைப் பார்த்தாய். கண்ணாலேயே கெஞ்சினாய். நானும் "ஆமாங்க, சும்மா கிண்டல்" என்றேன். பஸ்ஸை ஓட்டி வந்தவர், எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல் விழித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கப்புறம் நாலு மணி நேரம் மலைப்பாதை. பின்னால் நீங்கள் எல்லோரும் தூங்கினீர்கள்.

அந்த வாரத்து அலுப்பு தூங்கினால் போய்விடும் என்று நினைத்தேன். வேலைக்குத் திரும்பிய அன்று சீருடைப் பொத்தானைப் போடும்போது கை கூசியது. பதினோரு வருஷமாகக் கூசாத கை. மூன்று பரீட்சை எழுதி வாங்கிய வேலைடி இது. பனியில் வண்டி வழுக்கியபோது நாற்பது பேரை ஒரு கீறல் இல்லாமல் இறக்கியிருக்கிறேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று உன்னிடம் கேட்கக்கூட இப்போது தெம்பில்லை.

என்னால் யாருக்கும் வேலை வாங்கித் தர முடியாது. காட்டுவதானால் இதைக் காட்டு.

இப்படிக்கு,
நகரப் பேருந்து ஓட்டுநர்

ஜூன் 11

கொக்கு,

உன் கடிதம் மூன்று வாரம் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. நேற்று எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தேன். பாதியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை நாத்தனார் வாங்கிப் படித்தாள். "நெசமான டிரைவரா! அதான் அந்த வளைவுல எல்லாம் எனக்கு வாந்தியே வரல" என்றாள். இவர்தான், "எங்கிட்டகூடவா மறைச்ச?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இன்னும் சரியாகப் பேசவில்லை.

உன் வேலையைப் பற்றி எனக்கு வெட்கமில்லை என்று எழுத நினைத்தேன். அது இன்னொரு பொய். வெட்கம்தான் பட்டேன். "வெறும் டைப்பிஸ்ட்தானே" என்று இங்கே என்னை மட்டம் தட்டும்போதெல்லாம் உன்னைத் தூக்கிக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? உன் வீட்டில் ஏழு நாள் இருந்தும் அதை நான் கேட்கவே இல்லை.

குண்டூசி

ஜூன் 29

குண்டூசி,

அம்மாவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. ஊசியில் நூல் கோத்துக் காட்டினாளாம்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பூசி மெழுக என்னால் முடியவில்லை. இன்னொரு தடவை வந்தால் தனியாக வா. நான் லீவு போட மாட்டேன். அருவியும் கிடையாது, ஏரியும் கிடையாது. காலை ஆறரைக்கு டிப்போ வாசலில் நில். என் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார். வண்டி ஓடும்போது பயணிகள் ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்பது இங்கே விதி. இப்போதைக்கு எனக்கும் அதுதான் வசதி. பேசாமல் பார்த்துக்கொண்டு வா.

கொக்கு