மல்லாட்டை வேருல எரிஞ்ச பல்பு

ஞாயிறு ராத்திரி, விழுப்புரம்

திண்டிவனத்துக்குப் போயிருக்கவே கூடாது. என்கூடப் படிச்ச பாஸ்கர் ஒரு பாட்டு வீடியோ எடுத்திருக்கான். சிஸ்டரையும் கூட்டிக்கினு வாடான்னு கூப்பிட்டான். நானும் என் பொண்டாட்டி சுமதியைக் கூட்டிக்கினு போனேன்.

வீடியோல ஒருத்தி பனமலை ஏரியில முட்டித் தண்ணியில நிக்கிறா. தண்ணிக்குள்ள கையை விட்டு மல்லாட்டைச் செடியைப் பிடுங்குறா. வேருல வேர்க்கடலைக் காய் இல்ல, குண்டு பல்பு கொத்துக் கொத்தா எரியுது. அதோட பாட்டு முடிஞ்சிடுச்சு.

"தண்ணி நின்னா மல்லாட்டை அழுகிடுமேடா"ன்னேன். அவன் வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. சுமதியும் சிரிச்சா.

அப்புறம் அவளே சொன்னா. "அவ யார்கிட்டயும் சொல்லாம புதைச்சு வெச்சதெல்லாம் உள்ளயே அணையாம எரிஞ்சிக்கினு இருக்குது. அதானே?"

பாஸ்கர் எழுந்தே நின்னுட்டான். "இதை ஒருத்தரும் புரிஞ்சிக்கல சுமதி"ன்னான். அது வரைக்கும் சிஸ்டர், அப்புறம் சுமதி.

திரும்பி வர்றப்போ பஸ்ல, உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்.

"எனக்கும் அந்த மாதிரி கனவு வரும்."

"என்ன கனவு?"

"சொன்னா அழுகிடும்னு சொல்லுவீங்க"ன்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா.

ஆறு வருஷமா பக்கத்துலதான் படுக்குறேன். அவளுக்குக் கனவு வரும்னே எனக்குத் தெரியாது.

இப்போ தூங்குறா. தூக்கத்துல லேசா சிரிக்கிறா. நான் லைட்டை அணைக்காம அவ மூஞ்சியையே பாத்துக்கினு இருக்கேன். என்ன கனவுன்னுகூட சொல்ல வேணாம். அதுல பாஸ்கர் இருக்கானா, அது மட்டும் தெரிஞ்சா போதும்.