அப்பாவுக்கு வந்தது வெறும் காய்ச்சல் இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கையும் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பேத்தி கணக்கில் முதலாவது வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், எதிர்வீட்டு டீச்சரிடம் மட்டும் இரண்டு தடவை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் படிப்புதான், பிழை இருந்தால் பேத்தி திருத்தட்டும், இல்லை வேண்டாம், இதை அவள் பார்க்க வேண்டாம். உனக்கும் சர்க்கரை வந்திருக்கிறது என்று மருமகள் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. மாத்திரை போடுவதில்லையாம், கேட்டால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்கிறாயாம். அப்பாவின் வாய் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. இனி நான் மூடி வைத்துப் பயனில்லை. அப்பா காய்ச்சலில் போனார் என்று உனக்குச் சொன்னேன், ஊருக்கும் அப்படித்தான் சொன்னேன். அவர் சொல்லச் சொன்னது அது.

நாள் முழுக்க வேன் ஓட்டி, சீட்டில் உட்கார்ந்தே இருந்த மனுஷனுக்குத் தொடை இடுக்கில் ஒரு கட்டி வந்திருக்கிறது, முதலில் மிளகளவுதானாம். சர்க்கரை உடம்பு, வலி கூட ஒழுங்காகத் தெரியவில்லை. இடம் அப்படிப்பட்ட இடம், என்னிடம் கூடக் காட்டவில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் என்னடா வெட்கம்? மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கித் தானே தடவியிருக்கிறார். தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தார், கூடத்தில் தனியாகப் படுத்தார். நான் ஒரு மடச்சி, எங்க வீட்டுக்காரர் இந்த வயசுல எனக்கு வேலையைக் குறைக்கிறாரு என்று டீச்சரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் சீழைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் குளிரில் பல் கிடுகிடுத்தது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கினபோது இடுப்பு வரை கறுத்திருந்தது, நாற்றம் தாங்கவில்லை. கிருமி தோலுக்கு அடியில் தீ மாதிரி ஓடும், சர்க்கரை இருந்தால் இன்னும் வேகம், மேலே சின்னதாகத்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார். கட்டி வந்தவுடனே வந்திருந்தால் கீறி மருந்து போட்டு அனுப்பியிருப்போம் என்றார். அந்த நிலையிலும் அப்பா, பொம்பளப் புள்ள பாக்குது, போர்வையப் போடு என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அழுகின சதையை வெட்டி எடுத்தார்கள், மறுநாளும் எடுத்தார்கள். நடுவில் கண் விழித்து, பெரியவன்கிட்ட எடத்தச் சொல்லாத, காய்ச்சல்னு சொல்லு என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்த்துக்கொள். மரியாதையாகப் போய்ச் சேர்ந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம்டா, மனுஷன் வேண்டும். இன்னும் சாப்பிட உட்காரும்போது இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

அவர் வாக்கை மீறித்தான் எழுதுகிறேன், கேட்டால் அங்கே போய் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ மாத்திரையை விடாதே. கால் விரல் இடுக்கு, அக்குள், தொடை, எங்கே சிவந்தாலும் வீங்கினாலும் அன்றே டாக்டரிடம் போ, சொந்த வைத்தியம் கூடவே கூடாது. வெட்கமாயிருந்தால் நீ கண்ணை மூடிக்கொள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

குடும்பத்தோடு தீர்க்காயுசாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பதில் போடும்போது சுகம் என்று நீ எழுதாதே, நம்பமாட்டேன். மருமகள் உன்னைப் பார்த்துவிட்டு அவள் எழுதட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா