விமானத்தில் வராத ஆறு நிமிடம்

கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது சில்லறை, பஸ் டிக்கெட், தலைவலி மாத்திரை இவற்றோடு அந்த இயர்போனும் மேஜையில் விழுந்தது. விமானத்தில் கொடுத்தது. ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி, நுனியைச் செருகி, கடையில் வாங்கியது போலவே மடித்து வைத்திருந்தார் உன் அப்பா. கிரேன் ஓட்டிய கை, எந்தக் கயிற்றையும் அப்படியே விட்டுவிடாது.

அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்கும் என்று நீ நினைத்தால் தப்பு. கோபம் வந்தது. முதலில் உன் மேல். ஆறு நாள் டெங்குவில் போய்ச் சேர்ந்ததற்குக் கொஞ்சம். போகும்முன் என்னை நம்பித் தொலைத்ததற்கு நிறைய. பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தெரியும் உனக்கு. கணக்கு நோட்டில் வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறவள் என்று டீச்சரிடம் என்னைக் காட்டிக் கொடுத்தவளே நீதான். அப்புறம் எந்தத் தைரியத்தில் உன் படத்தை என் கையில் கொடுத்தாய்?

என் வேலையை நீ ஒருநாளும் வேலையாக மதித்ததில்லை. விமான இருக்கையின் முதுகில் இருக்கும் சின்னத் திரைக்குப் படம் பொறுக்கித் தருவதும் ஒரு பிழைப்பா என்பாய். ஒருமுறை மாதாப்பூருக்கு என் ஆபீசைப் பார்க்க வந்தாய். டாக்குமெண்டரிப் பட்டியலைத் திரையில் உருட்டிக் காட்டினேன். பென்குயின், பனிமலை, சாக்லேட் செய்யும் ஊர், பவளப்பாறை, பழைய ரயில், மறுபடி பென்குயின். நீ நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே, "ஆகாசத்துல போறவனுக்கு மனுஷனே ஆகாதாடி?" என்றாய். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு வெட்கம் என்று ஒன்று எப்போது இருந்தது?

மனுஷன் இருக்கும் படத்தை இரண்டு வருடம் எடுத்தாய். நம் இருவர் தாத்தாக்களும் அரக்கோணத்திலிருந்து ஹைதராபாத்துக்கு, லாலாகுடா ரயில் பணிமனை வேலைக்கு வந்தவர்கள். என் அப்பாவுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. உன் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவர் காண்டிராக்டரிடம் சேர்ந்து டவர் கிரேன் ஓட்டினார். மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த வருடங்கள் முழுக்க அவர் வானத்தில்தான் இருந்தார். காலையில் ஏணியில் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். அவரைப் பற்றித்தான் படம். நாற்பத்தெட்டு நிமிடம். இசை இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். அனுப்பிய விழாக்கள் எல்லாம் கைகழுவிவிட்டன. ஒரு கல்லூரியில் மட்டும் திரையிட்டார்கள். பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள் என்று வந்து பொரிந்து தள்ளினாய்.

அன்றைக்கு வாயைத் திறந்தது நான்தான். விமானத்தில் போடலாம் என்றேன். பெல்ட்டைக் கட்டி உட்கார வைத்த கூட்டம், எழுந்து போக இடமில்லை, பார்த்துத்தான் தீர வேண்டும் என்று சிரித்தேன். பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். நீ சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. "எதை வேணும்னாலும் வெட்டு. ஏழுமலை வர்ற ஆறு நிமிஷத்துல மட்டும் கை வெக்காதே" என்றாய். சரி என்றேன்.

ஏழுமலையை நான் பார்த்ததில்லை. உன் படத்தில் உன் அப்பா சொன்னதுதான் எனக்குத் தெரியும். கிரேன் கூண்டில் இருப்பவருக்குக் கீழே தூக்கும் சுமை பல நேரம் தெரியாதாம். கட்டட விளிம்பில் நின்று விசில் அடித்துக் கையைக் காட்டுகிறவன்தான் அவருக்குக் கண். பதினோரு வருடம் அந்தக் கண் ஏழுமலை. "சோளிங்கர் ஏழுமலை" என்று உன் அப்பா முழுசாகச் சொல்வார். அவனைப் போலவே விசில் அடித்துக் காட்டுவார். ஏற்று என்பதற்கு ஒன்று, நிறுத்து என்பதற்கு ஒன்று. அவன் வீட்டில் பெண்டாட்டியைக் கூப்பிடவும் அதே விசில்தான் என்று சொல்லிச் சிரிப்பார். அவன் பதினான்காவது மாடியிலிருந்து விழுந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதை உன் குரல்தான் சொல்லும், ஒரே வரியில்.

கேமரா முன்னால் உட்காரவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தின் வாசலில் பளிங்குக் கல் பதித்து யார் யார் பேரையோ வெட்டியிருக்கிறார்களாம். இவன் பேர் எங்கேயாவது ஒரு இடத்தில் வர வேண்டும், அதற்குச் சம்மதம் என்றால் பேசுகிறேன் என்றார். நீ வாக்குக் கொடுத்தாய். உன் வாக்குக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.

இனி நான் சொல்லப் போவதை உட்கார்ந்து கேள். உனக்குத் தெரியாமல் போனது இதுதான்.

விமானக் கம்பெனிக்காரர்கள் ஆகாது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். விமானம் நொறுங்கக் கூடாது. தீப்பிடிக்கக் கூடாது. அடுத்த கம்பெனி விமானத்தின் வால்கூடத் தெரியக் கூடாது. உயரத்திலிருந்து யாரும் விழக் கூடாது, விழுந்ததாகப் பேசவும் கூடாது. கரடி மீனைக் கிழித்துத் தின்னலாம், பனிப்பாறை சரிந்து கடலே பொங்கலாம், அதெல்லாம் இயற்கை. கட்டட விளிம்பில் நின்றவன் விழுந்தான் என்றால் பயணிகளுக்கு மனம் பதறுமாம். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள்தானே பாதிப் பயணிகள்? கொஞ்சம் பதறட்டுமே. இதை அன்றைக்கு நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது உன்னிடம் சொல்லி என்ன?

ஆனால் அவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஆகாது என்று குறித்து அனுப்பியது உன் குரலில் வரும் அந்த ஒரு வரியைத்தான். பதினோரு விநாடி. அதை மட்டும் எடுத்திருக்கலாம். அந்த வரியின் அடியில் உன் அப்பாவின் விசிலும் காற்றும் ஓடிக்கொண்டிருந்தன. வரியை எடுத்தால் சத்தம் வெடுக்கென்று தாவும். அதைச் சரிசெய்து ஒட்ட ஒரு நாள் ஆகும். அன்று வெள்ளிக்கிழமை, மணி நாலு. ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். ஆறு நிமிடத்தையும் மொத்தமாகத் தூக்கினேன். இரண்டு பக்கமும் மேகம் இருந்தது, மேகத்தோடு மேகம் ஒட்டிக்கொண்டது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். படத்தின் தலைப்பையும் மாற்றி, வானைத் தொடும் ஹைதராபாத் என்று அர்த்தம் வரும் ஓர் ஆங்கிலப் பெயரை வைத்தார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை உன்னிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை நீ போனில் கூப்பிட்டாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போவதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொன்னாய். அப்புறம், "அது இருக்கில்ல?" என்று கேட்டாய். "இருக்கு" என்றேன். காய்ச்சல்காரியிடம் எதற்கு என்று நினைத்தேன். நீ எழுந்து வந்தபின் காலில் விழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீ எழுந்து வந்திருக்க வேண்டும். வந்து என் தலைமுடியைப் பிடித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அப்பாவைக் கூப்பிட்டு, ஏழுமலை பேர் விமானத்திலேயே வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனாய்.

போன மாதம் உன் தம்பி சிங்கப்பூரிலிருந்து பேசினான். குழந்தை பிறந்திருக்கிறது, அப்பாவை அனுப்ப வேண்டும், தனியாக வரப் பயப்படுகிறார் என்றான். எனக்கு அதே வாரம் அங்கே ஆபீஸ் வேலை இருந்தது. அழைத்துப் போகிறேன் என்றேன். எந்த விமானம் என்று டிக்கெட் வந்த பிறகுதான் பார்த்தேன். பார்த்த பிறகும் மாற்றவில்லை. திரை வேலை செய்யாமல் போகலாம், அவர் தூங்கிப் போகலாம், பொத்தானைக் கண்டுபிடிக்காமல் போகலாம். இப்படி ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டே ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டுக்குப் போனேன். எவ்வளவு பெரிய கோழை என்று பார்.

காலை விமானம். அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பல வருடம் வானத்தில் வேலை பார்த்தவர், விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறுவதற்கு முன் ஏழுமலையின் மனைவிக்குப் போன் போட்டார். "இன்னிக்கு அவன் பேர நான் ஆகாசத்துல கேக்கப் போறேம்மா" என்றார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவது போல நழுவினேன்.

திரை நன்றாகவே வேலை செய்தது. பென்குயினுக்கும் பனிமலைக்கும் நடுவில் உன் படம். பொத்தானை அழுத்திக் கொடுத்தது நான்தான். இருபத்து நாலு நிமிடம் அவர் அசையவில்லை. தான் ஏணி ஏறும் இடத்தில் லேசாகச் சிரித்தார். மேகம் வந்தது, போனது, நன்றி என்று எழுத்து ஓடியது, திரை பட்டியலுக்குத் திரும்பியது. "நடுவுல கண்ணசந்துட்டனா? மறுபடி போடும்மா" என்றார். அவர் கண்ணசரவில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி போட்டேன். இரண்டாம் தடவை அவர் திரைக்கு அருகில் குனிந்து, காதில் இருந்ததை விரலால் அழுத்திக்கொண்டு பார்த்தார்.

முடிந்ததும் இயர்போனைக் கழற்றினார். ஒயரைச் சுற்றி, நுனியைச் செருகி, என் கையில் கொடுத்தார். பிறகு, "என் பொண்ணு சாவுற நேரத்துல எங்கிட்ட பொய் சொல்லிட்டாம்மா" என்றார்.

உன்னை ஆயிரம் திட்டியிருக்கிறேன். திமிர் பிடித்தவள், பிடிவாதக்காரி, பேசத் தெரியாதவள். பொய்க்காரி என்று நான்கூடச் சொன்னதில்லை. "அவ பொய் சொல்லல அங்கிள். நான்தான் வெட்டுனேன். அவ கேட்டப்ப இருக்குன்னு சொன்னேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "கைக்கு வெட்டின?" என்று, ஏன் என்பதை ஹைதராபாத் பேச்சில் கேட்டார்.

விழுகிற பேச்சு விமானத்தில் கூடாது என்று விதியைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் யோசித்தார். "நான் அவன் விழுந்ததச் சொல்லவே இல்லியே. விசில் அடிச்சதத்தானே சொன்னேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணி என்றா சொல்வது? சொன்னேன். அதையும் சொன்னேன், ஒன்றும் விடாமல். அவர் கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. "அப்ப எம்பொண்ணு வார்த்த தப்பல" என்று மட்டும் சொன்னார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பாடு வந்தது, நக்கோ, வேண்டாம் என்று கையை ஆட்டினார். இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் பெட்டிக்காக நின்றபோது போன் கேட்டார். அவருடையது அங்கே எடுக்கவில்லை. ஏழுமலையின் மனைவி எண்ணை மனப்பாடமாக அழுத்தினார். அவள் எடுத்ததும் கேட்ட கேள்வி எனக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "கேட்டுச்சும்மா. ரெண்டு தடவ கேட்டுச்சு. சோளிங்கர் ஏழுமலைன்னு முழுசா வந்துச்சு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே காத்திருந்த உன் தம்பியைப் பார்த்து நடந்தார்.

என்னைக் காப்பாற்ற அவர் அதைச் செய்யவில்லை. அவ்வளவு இளிச்சவாயர் இல்லை உன் அப்பா. அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எழுபது வயதுவரை பொய் சொல்லாத மனுஷர் வாயில் என் பொய்யை நான் வைத்துவிட்டேன். நீ இருந்தால் இதற்குத்தான் என்னைக் கொன்றிருப்பாய், படத்துக்காக அல்ல.

திரும்பி வந்ததும் விமானக் கம்பெனிக்கு எழுதினேன். வெட்டிய பகுதியைச் சேர்த்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, ஒரு நாள் உட்கார்ந்து சத்தத்தை ஒட்டி அனுப்பினேன். ஒரே ஒரு நாள்தான் ஆனது. அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். இந்த மாதத்தோடு உன் படத்தை இறக்குகிறார்களாம், புதிதாகத் திமிங்கிலம் வருகிறதாம். கத்தினேன். எங்கள் மேனேஜர் தெலுங்கில் சமாதானம் சொன்னார். அவரிடமும் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம், கத்த வேண்டிய வெள்ளிக்கிழமை போய்விட்டது.

நேற்று ஏழுமலையின் மனைவி கூப்பிட்டாள். சிங்கப்பூரிலிருந்து போன எண் என்னுடையதுதானே, அதை வைத்திருந்திருக்கிறாள். ஏரோப்ளேனில் வந்த படத்தைத் தனக்கும் ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டாள். தொந்தரவாக இருந்தால் வேண்டாம் என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

உன்னுடைய முழுப் படமும் என்னிடம் இருக்கிறது. லேப்டாப்பில் போட்டு எடுத்துப் போகிறேன். ஆறு நிமிடமும் ஓடும், உன் அப்பா விசில் அடிப்பார், அவள் அழுவாள். பிறகு, இதுதான் அங்கே வந்ததா என்று கேட்பாள். ஆமாம் என்றால் உனக்குச் சொன்ன பொய்யை அவளுக்கும் சொன்னவள் ஆவேன். இல்லை என்றால் உன் அப்பா அவளிடம் பொய்யர் ஆவார். நீ இருந்திருந்தால் ஏதாவது ஒரு வழி சொல்லியிருப்பாய், சொல்லிவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதையெல்லாம் என் தலையில் போட்டுவிட்டு எங்கேடி போனாய் நீ?