முதல் நாள் சாயங்காலம் செய்த சவரம்

மைசூர்
7.12.1997

அன்புத் தங்கை மாதேவிக்கு,

உன் அக்கா அஞ்சலை எழுதுகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை. முட்டி வலி மட்டும் குளிருக்குக் கூடுகிறது. ஹனூரில் நீயும் பேத்தி காவேரியும் சுகமாக இருக்க மாதேஸ்வரன் துணை நிற்க வேண்டும். காவேரி இப்போது நன்றாகப் பேசுகிறாள், உன்னையே அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று உன் மருமகன் முனிராஜ் சொன்னான். போன மாதம் அவளுக்கு இரண்டு வயது முடிந்ததற்கு நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். அது பொய். எனக்கு உன் முன்னால் வந்து நிற்க முகம் இல்லை. ஏன் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி.

ஆஸ்பத்திரியில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு வருகிற பெண்களுக்குத் தொப்புளிலிருந்து தொடை வரைக்கும் முடியை எடுத்துச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும். எங்கள் இடத்தில் இதற்கு ‘பார்ட்ஸ்’ என்று பெயர். இருபத்தோரு வருஷம் அதைச் செய்தேன். முதல் நாள் சாயங்காலம் சோப்பு நுரை போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, ரேசரால் சரைத்துவிட வேண்டும். ஒரு முடி நின்றாலும் சிஸ்டர் திட்டுவார். என் கை சுத்தமான கை என்று பெரிய டாக்டரே நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பெருமை உண்டு.

போன வருஷம் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். தையல் போட்ட இடம் யார் யாருக்குப் பழுத்தது என்று பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஆயாக்களைக் கூப்பிட்டு, முடியை எப்படி எடுத்தால் நல்லது என்று ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். சில பெண்களுக்கு வழக்கம்போல முதல் நாள் சாயங்காலம் நான் சரைத்தேன். சிலருக்குத் தியேட்டருக்குப் போகும் முன், காலையில் சரைத்தேன். என்னோடு வேலை செய்கிற லிங்கம்மா வேறு சிலருக்குத் தோலில் படாமல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். இன்னும் சிலருக்குக் களிம்பு. அதைத் திறந்தாலே கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும். பூசிப் பத்து நிமிஷம் விட்டுத் துணியால் வழித்தால் முடி குழைந்து வந்துவிடும். கத்தியே வேண்டாம். ஆனால் சிலருக்குத் தோல் சிவந்து தடித்துப்போய், எரிகிறது எரிகிறது என்று அழுதார்கள். கடைசியில் ஒன்றுமே எடுக்காமல், அப்படியே மருந்து தடவிச் சில பேருக்கு ஆபரேஷன் செய்தார். நானும் லிங்கம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

போன மாதம் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து முடிவைச் சொன்னார். முதல் நாளே நான் சரைத்த நூறு பேரில் எட்டுப் பேருக்குத் தையல் பழுத்திருந்தது. காலையில் சரைத்தவர்களில் நாலு பேர். கத்தரித்தவர்கள், களிம்பு பூசியவர்கள், ஒன்றும் எடுக்காதவர்கள் எல்லாரிலும் நூற்றுக்கு ஒருத்தர், இரண்டு பேர்தான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கையைக் குறை சொல்கிறீர்களா என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபப்படவில்லை. என் முன்கையிலேயே கொஞ்சம் இடத்தைச் சரைக்கச் சொல்லி, ஒரு லென்சைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு வழவழவென்று இருந்த இடம், உள்ளே ஏர் ஓட்டின காடு மாதிரி கீறிக் கிடந்தது மாதேவி. விடிவதற்குள் அந்தக் கீறலில் கிருமி பெருகிவிடும், அதன் மேலேதான் காலையில் கத்தி வைக்கிறோம் என்றார். முடிக்கு எதிர்முகமாக இரண்டாம் தடவையும் சரைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கீறல் இன்னும் ஆழமாகும் என்றார். நான் ஏன் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது நம் மகேஸ்வரி பயந்து போனாள். வேறு ஆயா கிட்டே வந்தாலே சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ‘வேற யாரும் எம்புள்ளயத் தொட வேண்டாமக்கா, நீயே பண்ணு’ என்று நீ சொன்னாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ சொல்லாவிட்டாலும் நான்தான் செய்திருப்பேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். திரையை இழுத்துவிட்டுப் புது பிளேடு பிரித்து மாட்டினேன். வெட்கத்தில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்கு ஒரு தடவை சரைத்து விட்டுவிடுவேன். அவளுக்கு இரண்டு தடவை சரைத்தேன். இரண்டாவது தடவை எதிர்முகமாக. நாளைக்கு டாக்டர் பார்க்கும்போது என் பிள்ளையிடம் ஒரு குறை இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஊசி முனை அளவுக்கு ஏழெட்டு இடத்தில் ரத்தம் பொடித்தது. டெட்டால் தண்ணீரைத் தொட்டு ஒற்றினேன். ‘எரியுது பெரிம்மா’ என்று மூடின முகத்துக்குள்ளிருந்தே சிரித்தாள். ‘நாளைக்குக் கொழந்தயப் பாத்தா இதெல்லாம் நெனப்பே இருக்காது கண்ணு’ என்று சொன்னேன்.

மற்றதெல்லாம் நீ பார்த்தது. மறுநாள் காவேரி பிறந்தாள். மூன்றாம் நாள் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் தையல் பழுத்துச் சீழ் வடிந்தது. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

அந்த மூன்றாம் நாள் காலையில்தான் அவள் மாமியார் பொன்னம்மா கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து ஊட்டினாள். மகேஸ்வரி அதை வேண்டும் என்று கேட்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாருக்கும் முன்னால் நீ பொன்னம்மாவின் தலைமுடியைப் பிடித்தாய். ‘கருவாட்டப் போட்டு எம்மவளக் கொன்னுபோட்டியேடி’ என்று கத்தினாய். அவள் உன்னைத் தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறவள், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாள்.

கருவாடு தின்று தையல் பழுக்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும் மாதேவி. பத்தொன்பது வருஷம் வார்டில் நின்றவளுக்கு அது தெரியாதா. கருவாடு இல்லை என்றால் வேறு எதனால் என்று தேடுவீர்கள். அந்த ஏழெட்டுப் பொட்டு ரத்தம் அங்கேயே எனக்கு ஞாபகம் வந்தது. என்ன பாவம் அது என்று முழுதாகத் தெரியாது, ஆனாலும் பயம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததைப் பார்த்து நீ இன்னும் உறுதியாக நம்பினாய். பொன்னம்மாவும் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹனூருக்குப் போய்விட்டாய். முனிராஜ் மட்டும் மாதம் ஒரு தடவை வந்து பார்க்கலாம், அவன் அம்மா வாசல்படி மிதிக்கக் கூடாது என்றாய். அவள் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, குழந்தையின் அழுகையைத் தெருவில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். எனக்கு அதுவும் தெரியும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் பிறகு தனியாகப் போய் மகேஸ்வரி விஷயத்தைச் சொன்னேன். ஒருத்திக்கு எதனால் வந்தது என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்காக அப்படிச் சொன்னாரோ என்னவோ. சோற்றால் இல்லை என்பதை மட்டும் அடித்துச் சொன்னார்.

நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பொன்னம்மாவுக்குப் பேத்தியைக் காட்டு. இதில் அவள் செய்தது ஒன்றுமில்லை. குழந்தைக்கு என் ஆசிகள்.

உன் அக்கா,
அஞ்சலை


மைசூர்
10.4.1998

மாதேவிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று எதிர்பார்த்து எழுதவும் இல்லை. இதையும் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசி வரைக்கும் படி. படிக்க வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் பொன்னம்மா வீட்டுக்குப் போய் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உருட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு, ‘ரெண்டு வருசமா நாந்தான் கொன்னேன்னு நெனச்சுப் படுத்து எந்திரிக்கறேன். நீ தெனமும் இந்த வாசல் வழியாத்தான வேலைக்குப் போற’ என்று கேட்டாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாக எழுந்து வந்தேன். இப்போது வேலைக்குப் பின் தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

தை மாதம் நீ குழந்தையோடு வந்து மூன்று நாள் பொன்னம்மா வீட்டில் தங்கினாய் என்று முனிராஜ் சொன்னான். முதலில் குழந்தை அவளிடம் போகவே இல்லையாம். கிளம்புகிற அன்றைக்கு அவளை விட்டு வரமாட்டேன் என்று அழுததாம். நீங்கள் இரண்டு பேரும் மகேஸ்வரியின் சேலைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். கேட்டு மனது கொஞ்சம் இறங்கியது. என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. நீ வந்த அன்றைக்கே அவன் சொல்லிவிட்டதால் மூன்று நாளும் ஒரு ஆள் அரிசி கூடப் போட்டு வடித்தேன். நீ வரவில்லை. நானே அங்கே வந்து நின்றிருக்கலாம். துணிச்சல் வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது யாருக்கும் முதல் நாள் ரேசர் கிடையாது. தேவைப்பட்டால் ஆபரேஷன் அன்று காலையில் கத்தரிப்பதோடு சரி. நான் கேட்டுக்கொண்டு துணி மடிக்கிற இடத்துக்கு மாறிவிட்டேன்.

உனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதாகவும், வருகிற இருபத்திரண்டாம் தேதி கொள்ளேகாலில் ஆபரேஷன் என்றும் முனிராஜ் வந்து சொன்னான். எந்த ஆஸ்பத்திரி என்று அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதுவானாலும், முதல் நாள் சாயங்காலம் ரேசரும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஒரு ஆயா உன் கட்டிலுக்கு வருவாள். நல்லவளாகத்தான் இருப்பாள், அவள் கையும் சுத்தமாகத்தான் இருக்கும். மாதேவி, அவளைத் தொட விடாதே. வேண்டாம் என்று சொல். முடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எடுத்தே ஆக வேண்டுமென்றால் காலையில் கத்தரித்தால் போதும் என்று சொல். களிம்பும் வேண்டாம், உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதைப் பூசினாலும் தடிக்கிற உடம்பு. சிஸ்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் அதைக் காட்டு. அதில் என் பெயர் இல்லை.

லிங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இருபத்தோராம் தேதி மத்தியானத்துக்குள் கொள்ளேகால் வந்துவிடுவாள். இரண்டு நாள் உன் பக்கத்திலேயே இருப்பாள். என்ன செய்ய வேண்டுமோ அவள் செய்யட்டும். அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே. நான் வரமாட்டேன். பின்னாலேயே வந்து நிற்பேனோ என்று நீ பயப்பட வேண்டாம்.

என் மேல் உனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கட்டும். அதைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஏழாம் நாள் தையல் பிரிக்கும்போது புண் காய்ந்திருந்ததா என்று மட்டும் முனிராஜிடம் சொல்லி அனுப்பு. அந்தப் பிள்ளை உன்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். நீ ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

அஞ்சலை