ஒன்றும் கலக்காத தொட்டி

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். ராஜகிரி மலை மேகத்துக்குள். கடையில் ஈ காக்கை இல்லை. உளுந்து மூட்டை நனையாமல் உள்ளே தள்ளியாயிற்று.

மதியம் சாப்பிடப் போனால், மாடியில் தன் ஆராய்ச்சிக்கு வைத்த தலைப்பிரட்டைத் தொட்டிகள் முன் உட்கார்ந்து சுமதி அழுகிறாள். என் பெண்டாட்டி லேசில் அழுகிற ஆளில்லை. மூன்று தொட்டி. ஒன்றில் வயலுக்கு அடிக்கும் களைக்கொல்லி, துளி. ஒன்றில் தைராய்டு ஹார்மோன். மூன்றாவது வெறும் தண்ணீர். ஹார்மோனில்தான் சீக்கிரம் கால் முளைக்க வேண்டுமாம். வெறும் தண்ணீரிலும் முளைத்துவிட்டது, அதே வேகத்தில்.

அம்மா: “தவக்களைன்னா காலு மொளைக்காதா? இதுக்குப் போயி இன்னாத்துக்கு அழுவுற?”

ஐப்பசி 5, புதன்

வெயில். பருப்பு காயப்போட்டோம்.

சுமதியின் கைடு போனில். ஸ்பீக்கரில் கேட்டேன். “அந்த ஒரு தொட்டிய விட்டுட்டு மீதிய எழுதும்மா. யாரு கேக்கப்போறா?”

“வெறும் தண்ணியிலயே இப்டி ஆவுதுன்னா, மருந்துதான் பண்ணுச்சுன்னு எப்டி சார் எழுதறது?”

எனக்குக் கோபம். ஆய்வேட்டை இப்போதே கொடுத்தால்தான் கல்லூரி வேலைக்கு மனுப் போடலாம். “அவரே சொல்றாரு, உனக்கு இன்னா?” என்றேன்.

“தட்டுல ஒண்ணுமே இல்லாதப்ப மிஷினு அம்பது கிராம் காட்டுது. அதுல எடை போட்டுக் குடுப்பீங்களா?”

சாப்பிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

ஐப்பசி 14, வெள்ளி

நேற்று நல்ல மழை. கொசு.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றுக்கும் ஒரே பிளாஸ்டிக் மக்கால் தண்ணீர் மாற்றியிருக்கிறாள். அதில் ஒட்டிய ஹார்மோனே மற்ற இரண்டிலும் கால் முளைக்கப் போதுமாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. தொட்டிக்கு ஒரு மக், தனித்தனி நிறம்.

புதுத் தலைப்பிரட்டை பிடிக்க, சிங்கவரம் பக்கம் வயல் பள்ளத்தில் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். பஸ்ஸுக்கு நின்ற துணிக்கடைக்காரர், “இன்னாபா, மீன் யாவாரமா?”

“எங்க வூட்ல ஆராய்ச்சி பண்றாங்க.” சத்தமாகவே சொன்னேன்.

கார்த்திகை 7, ஞாயிறு

கடை அரை நாள். கைடு நேரில் வந்திருந்தார்.

ஹார்மோன் தொட்டியில் எல்லாவற்றுக்கும் கால். வெறும் தண்ணீரில் இப்போதுதான் மொட்டு. களைக்கொல்லியில் அதுவும் இல்லை, வெறும் வால். கைடு மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். “அன்னிக்கி நான் சொன்னதைக் கேட்டிருந்தா இது தெரிஞ்சே இருக்காதும்மா.” அம்மா அவருக்கு இரண்டாவது காபி கொண்டுவந்தாள்.

கல்லூரி மனுவுக்குக் கடைசித் தேதி நேற்றோடு போயிற்று. சுமதி மூன்று தொட்டிக் கணக்கையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை வாங்க வருகிறவர்களிடம்கூட நான்தான் தவளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.