லிகாயாவுக்கு ஒரு பெட்டி

அன்புள்ள டான்டோவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் மகள் லிகாயா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

மொன்டானாவில் பனி பஞ்சாக மிதக்கிறது. நேற்று காதலர் தினம். என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய ஷூ பெட்டிகளைத் தபால்பெட்டிகளாக்கி, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வாழ்த்தட்டை போட்டார்கள். வகுப்பே இளஞ்சிவப்புக் கனவுபோல் இருந்தது.

“மிஸ், பிலிப்பைன்ஸ்ல இருக்கிற உங்க பாப்பாவுக்குப் பெட்டி வேணாமா?” என்றாள் ஹாடி.

“அவ ஷூ என்ன சைஸ்?” என்று கேட்டான் வெஸ்லி.

எனக்குத் தெரியவில்லை.

“சொந்தப் பொண்ணோட சைஸே தெரியலையா? சரியான ஆளு மிஸ் நீங்க!” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கடைசியில் வெஸ்லி தன் அப்பாவின் பூட்ஸ் பெட்டியைக் கொடுத்தான். பதினெட்டு அட்டைகள் போட்டும் பாதி காலி.

அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். இனி மாதாமாதம் அனுப்புங்கள்.

உங்கள்
மரிசெல்